அடுத்த ஆட்டம்

காத்திருத்தலைப் பற்றி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட திருவருகைக் காலங்களில் மறையுரை ஆற்றியிருக்கிறேன். பூந்தமல்லிக் குருமடத்தில் அதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. மோல்ட்மன் 1964-இல் எழுதிய எதிர்நோக்கின் இறையியல் என்னும் நூலைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதி, பேராசிரியரிடம் பாராட்டும் பெற்றவன் நான். ஆனால் காத்திருக்கிற ஒரு மனிதனை அருகிலிருந்து பார்த்தது பின்னாளில்தான். அவன் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் வார்ப்பு வேலை செய்துகொண்டிருந்த இளைஞன். அவனுக்கு நான் ஒரு தவறு இழைத்தேன். அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் கடந்து, கோமுகி அணையை விட்டு விலகி, வெள்ளிமலைக்கு ஏறுகிற சாலையை வாசகர்களில் சிலர் அறிந்திருக்கக்கூடும். கல்வராயன் மலையில் மழைக்குப் பின் அருவிகளைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் செல்கிறார்கள். சாலையை விட்டு இறங்கி நடந்தால்தான் ஊர்கள் தெரியும். மரவள்ளியும் சாமையும் சரிவுகளில் விளைகின்றன. கடுக்காய் பொறுக்கி விற்கிறார்கள். 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் கூலியின்றி உழைத்த மக்கள் இவர்கள். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்த பின்னும் பட்டாவுக்காக மனுவைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்தில் இறங்கி வரும் முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காத்திருப்பது அந்த மலைக்குப் புதிதன்று.

அந்த இளைஞன் பள்ளி நாள்களில் எங்கள் விடுதியில் தங்கிப் படித்தவன். தகப்பன் சாராயத்தால் அழிந்தவர். பையன் பத்தாம் வகுப்போடு நின்றபோது, செம்மரம் வெட்ட ஆள் சேர்க்கும் தரகர்கள் அவன் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு முறை வந்து போயிருந்தார்கள். தாய் அஞ்சி என்னிடம் ஓடி வந்தாள். தெரிந்தவர் ஒருவர் மூலம் அவனைக் கோவைக்கு அனுப்பிவைத்தேன்.

அங்கே அவனுக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் 2017-18 பருவத்திலிருந்து தன் சொந்த ஆட்டங்களைக் கோவை நேரு விளையாட்டரங்கில் ஆடி வந்தது. பெயரில் சென்னை, வீடு கோவை, விசிறியோ கல்வராயன் மலைக்காரன்! “உனக்கும் அந்தக் கழகத்துக்கும் என்னப்பா உறவு?” என்று விடுமுறையில் வந்தவனை ஒருநாள் கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: “ஃபவுண்டரியில என்னை மலைக்காரன்னுதான் கூப்பிடுவாங்க ஃபாதர். கேலரியில உக்காந்தா எவனும் எந்த ஊருன்னு கேக்கறதில்லை. கோல் விழுந்தா பக்கத்துல இருக்கிறவன் கட்டிப் பிடிச்சுக்கிறான்.”

அவர்கள் காத்திருந்த விதத்தை அவன் விவரித்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. ஆறு பேர் தங்கிய அறை. கதவின் உட்புறம் ஆட்ட அட்டவணையை ஒட்டியிருந்தார்கள். 2018-19 ஐ-லீகில் பதினொரு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் இருபது ஆட்டங்கள். அவற்றில் பத்து சொந்த மைதானத்தில். அந்தப் பத்தை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். ஓர் ஆட்டம் முடிந்த இரவே அடுத்த வட்டம் என்றைக்கு என்று எண்ணத் தொடங்குவார்கள். அந்த நாளில் விடுப்புக் கிடைக்கவேண்டி, மற்றவருடைய ஞாயிறு ஷிஃப்டை இவன் ஏற்றுக்கொள்வான். யாருக்குக் காலில் அடி, யாருக்கு நடுவர் அட்டை காட்டினார் என்பதெல்லாம் உலைக்களத்து வெப்பத்தில் பேசப்படும். ஆட்டத்துக்கு முந்தின இரவு சட்டையைத் துவைத்துக் காயப்போடுவான்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் குருமட நாள்கள் நினைவுக்கு வந்தன. நானும் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனாகச் சில ஆண்டுகள் ஓடியவன்தான். ஓடியவன் என்பதைவிட ஓட முயன்றவன் என்பது பொருந்தும். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த வகுப்புத் தோழன் ஒருவன், பந்தைக் காலில் ஒட்டிவைத்திருப்பவன்போல் என்னைத் தாண்டிச் செல்வான். அந்தக் கரையின் தூத்தூர்ப் பகுதி மீனவச் சிற்றூர்களில் பந்தாட்டம் பிறவியிலேயே வந்துவிடுகிறது. சென்னை சிட்டிக்காக ஆடிப் பின்னர் பெரிய கழகங்களுக்குச் சென்ற மைக்கேல் சூசைராஜும் இரவிபுத்தன்துறைக்காரர்தான். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கமோ கபடியும் கைப்பந்தும் ஆளுகிற நாடு. ஆகவே மலையிலிருந்து ஒரு கால்பந்து விசிறி கிளம்பியது எனக்குள் மறைவான மகிழ்ச்சியைத் தந்தது. தந்தும் என்ன செய்தேன் என்பதுதான் கேள்வி.

2019 மார்ச் முதல் வாரம். திருநீற்றுப் புதன் 6-ஆம் தேதி வந்தது. மறுநாள் அவனுடைய தாய் மலையிறங்கி வந்தாள்.

“சாமி, கெழங்கு பிடுங்க ஆளில்லை. வியாபாரி ஞாயித்துக்கெழமை லாரி அனுப்புறேங்கிறான். இவனைக் கூப்பிட்டா, சனிக்கெழமை பந்து ஆட்டம், வர மாட்டேங்கிறான். நீங்க சொன்னா கேப்பான்.”

நியாயமான வேண்டுகோள். நான் தொலைபேசியில் அழைத்தேன்.

“தம்பி, அம்மா ஒருத்தியாக எவ்வளவு பிடுங்குவாள்?”

“சனிக்கிழமை கடைசி மேட்ச் ஃபாதர். நம்ம ஊர்லயே நடக்குது. ஜெயிச்சா கப்பு நமக்கு.”

நம்ம ஊர் என்று அவன் சொன்னது கோவையை. அந்தச் சொல்லிலேயே நான் விழித்திருக்க வேண்டும். ஆனால் திருநீறு பூசிய கைகளின் கண்டிப்பு எனக்குள் இருந்தது. “தவக்காலம் தொடங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. பந்தாட்டம் எங்கே ஓடிப்போய்விடும்? அடுத்த ஆட்டம் பார்த்துக்கொள்ளலாம். கிளம்பி வா” என்றேன். அவன் கிறிஸ்தவன்கூட அல்லன். தவக்காலத்தை அவனிடம் எதற்காக இழுத்தேனோ தெரியவில்லை. சிறிது நேரம் பதிலில்லை. பிறகு, “சரிங்க ஃபாதர்” என்றான்.

சனிக்கிழமை, 9-ஆம் தேதி. நிலைமை இதுதான்: சென்னை சிட்டி 40 புள்ளிகள், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. ஒரே வேளையில் இரண்டு ஆட்டங்கள். கோவையில் சென்னை சிட்டி மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை. இங்கே சமநிலையும் அங்கே வெற்றியும் அமைந்தால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். வென்றால் எந்தக் கணக்கும் தேவையில்லை.

அவன் அன்று காலையிலிருந்து மரவள்ளி பிடுங்கினான். மாலையில், அலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான பாறைமேல் ஏறி நின்றான். கேலரியிலிருந்த நண்பன் அனுப்பிய ஒரு செய்தி வந்து விழுந்தது: 0-1. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. அதன்பின் சிக்னல் இல்லை. இருட்டும்வரை நின்றான். பிறகு இறங்கிவந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். தாய் பின்னர் என்னிடம் சொன்னது: “அப்பன் செத்தன்னிக்குக்கூட இப்படி மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுக்கலை சாமி.”

ஞாயிறு காலை கிழங்கை லாரியில் ஏற்றிவிட்டு, கோவைப் பேருந்தைப் பிடிக்க அவன் மலையிறங்கினான். முதல் பூசை முடிந்து நான் வாசலில் நின்றிருந்தேன். என் கையில் நாளிதழ். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒரு கோல், கௌரவ் போரா இரண்டு கோல், 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றிருந்தது. 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோவையின் கழகம் இந்தியாவின் ஐ-லீக் சாம்பியன்.

நாளிதழை அவனிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தான்; மீண்டும் படித்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரித்தான்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் வேறொன்றும் இருந்தது. நண்பர்கள் ஐவரும் அந்த இரவில் என்ன செய்திருப்பார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு உடனே விளங்கியது. தோல்வி என்று நம்பிய ஓர் இரவும், மறுநாள் விடியலில் வந்த நற்செய்தியும்! பாஸ்கா மறையுரைக்கு எவ்வளவு பொருத்தம் என்று என் உள்ளத்தில் ஓர் எண்ணம் ஓடியது. அடுத்த நொடியே வெட்கினேன். அவனுடைய இரவை எடுத்து என் மறையுரைக்கு விற்பதா? அதை நான் எந்த மறையுரையிலும் சொன்னதில்லை.

“போகட்டும் ஃபாதர், அடுத்த சீசன் இருக்குதே” என்று அவனே எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினான்.

அடுத்த பருவம் வந்தது. அதற்குள் இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதல்நிலைப் போட்டியாக ஏற்கப்பட்டு, ஐ-லீக் ஒரு படி இறங்கியிருந்தது. அதனாலென்ன, அவன் சில ஆட்டங்கள் பார்த்தான். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து போட்டி பாதியில் நின்றது. 2020-21 பருவம் முழுவதும் வங்காளத்திலேயே நடைபெற்றது. 2021-22 ஐ-லீகில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. அறைக் கதவில் ஒட்டுவதற்கு அட்டவணை இல்லாமற்போயிற்று.

அடுத்த ஆட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன்! அடுத்தது என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது என் கையில் இல்லாதபோது, அதைக் கடன்போல் வாங்கி இன்னொருவனுக்குக் கொடுத்திருக்கிறேன். தாயின் பக்கம் நின்றது தவறன்று. கிழங்கு மண்ணில் கிடந்தால் அழுகும். ஆள் வைத்துப் பிடுங்கக் கூலி கொடுத்து உதவியிருக்கலாம். அன்று அது எனக்குத் தோன்றவே இல்லை. அவனுடைய இழப்பை இழப்பாக நான் எண்ணவில்லை என்பதுதான் உண்மை.

சில மாதங்கள் கழித்து ஊருக்கு வந்தவனிடம் புவனோஸ் ஐரஸ் நகரின் சான் லொரென்ஸோ கழகத்தைப் பற்றிச் சொன்னேன். 1908-இல் தெருவில் பந்தாடிய சிறுவர்களுக்குத் தன் ஆலய வளாகத்தில் இடமளித்த சலேசிய குரு லொரென்ஸோ மாஸாவின் ஆதரவில் அது உருவாயிற்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறுவயதில் 1946-இல் பட்டம் வென்ற அதன் அணியைத் தம் குடும்பத்தோடு சென்று பார்த்தவர். இராணுவ ஆட்சிக் காலத்தில் அக்கழகம் தன் மைதானத்தை இழந்தது. 1979 டிசம்பர் 2-ஆம் நாள் அங்கே கடைசி ஆட்டம். கோல் இல்லாத சமநிலை. பின்னர் அந்த இடத்தில் பேரங்காடி எழுந்தது. 1981-இல் அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியது. மறு ஆண்டு, கீழ்நிலை ஆட்டம் என்றும் பாராமல், இரவல் மைதானங்களில் விசிறிகள் திரண்டு நின்றார்கள். வேறிடத்தில் புதிய அரங்கம் 1993-இல் வந்தும் பழைய தெருவை மறக்கவில்லை. அவர்களுடைய போராட்டத்தால் 2012-இல் நகர சட்டமன்றம் அந்த நிலத்தைத் திரும்பப் பெற வழிசெய்யும் சட்டமே இயற்றியது.

“அங்க இருந்தவங்க போராடினாங்க ஃபாதர். நாங்க கூட்டமே கம்மி” என்றான். என் கதை அவனை அசைக்கவில்லை. அதுவும் நியாயமே.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த வாரத்தில் தெருவெங்கும் கண்ட பந்தல்களை எழுத எனக்குத் திறனில்லை. அவன் கோவை வேலையை விட்டுத் திரும்பி வந்தது அதற்குச் சில வாரங்களுக்குப் பின்புதான். தம்பி பதினாறு வயதுப் பையன். மாலை வேளைகளில் யாரோடு திரிகிறான் என்று தாய்க்குத் தெரியவில்லை. அவள் அழைத்தாள், இம்முறை என் தொலைபேசி தேவைப்படவில்லை.

தம்பியையும் அவன் கூட்டாளிகளையும் சேர்த்து ஓர் அணி அமைத்தான். மலையில் பந்தாட்டத்துக்குப் பெருந்தடை ஆள்பற்றாக்குறை அன்று, சமதரை இல்லாமைதான். கோல் தவறினால் பந்து சரிவில் உருண்டு ஓடைக்குப் போய்விடும். ஆகையால் ஓராண்டாக எல்லா ஆட்டங்களும் வெளியூரில்தான்: கருமந்துறைப் பக்கம், கச்சிராயப்பாளையம், ஒருமுறை கள்ளக்குறிச்சி. பெரும்பாலும் தோல்விகள். அதற்கிடையே ஊர்ப் பெரியவர் ஒருவர் விட்டுக்கொடுத்த கரட்டுக் காட்டில் கல் பொறுக்கி, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஒரு தரையை உண்டாக்கிவிட்டார்கள். இன்னும் ஒரு மூலை சாய்வாகத்தான் இருக்கிறது. அந்த மூலையிலிருந்து உதைப்பவனுக்கு ஆதாயம் என்று தம்பி சொல்கிறான்.

வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு அங்கே முதல் ஆட்டம். சமையலறைக் கதவில் தாள் ஒன்றை ஒட்டி, ஒரே ஒரு தேதியைச் சிவப்பாக வட்டமிட்டிருக்கிறார்களாம். தாய் அந்தத் தாளைக் காட்டி, “வர்றவங்க எத்தனை பேர் சாமி? எவ்வளவு கெழங்கு அவிக்கணும்?” என்று என்னைக் கேட்டாள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கிளைப்பங்கு ஒன்றில் எனக்குத் திருப்பலி. ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று உபதேசியாரிடம் கேட்டிருக்கிறேன். காரணம் என்ன என்று அவர் கேட்டார், சொன்னேன். கோட்டுக் கோலத்துக்கு இரண்டு மூட்டை சுண்ணாம்புத் தூள் வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். வாங்கித் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். இரவில் மழை வரும்போல் தோன்றியதால் எழுந்து சென்று மேலே ஒரு பாலித்தீன் விரிப்பைப் போர்த்திவிட்டு வந்தேன்.