செம்பு வளையம்

"சாமி, அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் ஞாபக மறதி நோய் வருமாமே?" என்று நம் பங்குத் தாய்மார் நம்மை வினவுவதுண்டு. அவ்வாறு வருமென்று இதுகாறும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும், மூளையைச் சிதைக்கும் உலோகம் ஒன்றை நாம் கண்ணாரக் கண்டோம். அது அடுப்பின் மேல் இருக்கவில்லை. ஒரு சிறுவனின் உடலுக்குள் இருந்தது.

2009-ஆம் ஆண்டு. நம் பங்கின் பீடச் சிறுவருள் ஒருவன், வயது பதினான்கு. தூபக்கலசம் ஏந்தும் அவன் கை நடுங்கலாயிற்று. கையெழுத்துக் கோணிற்று, பேச்சுக் குழறிற்று, காரணமின்றிச் சினந்தான். ஆசிரியர் சோம்பல் என்றார். அயலார் பேய்க் கோளாறு என்றனர். நாமோ வயதுக்குரிய அடமென்று எண்ணி, அவனைப் பீடப் பணியினின்று நிறுத்தி வைத்தோம். தலைமேல் கை வைத்துச் செபித்ததும் உண்டு. மருத்துவரிடம் அனுப்பவேண்டுமென்ற எண்ணம் ஓராண்டு கழிந்த பின்னரே நமக்கு உதித்தது. இதை எழுத வெட்கமாகவே இருக்கிறது.

கண் மருத்துவர் அவன் கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு வளையத்தைக் கண்டார். அது அங்கே படிந்த செம்பு. நோயின் பெயர் வில்சன் நோய். 1912-இல் லண்டன் மருத்துவர் கின்னியர் வில்சன் விரிவாக எழுதி வைத்தது.

செம்பு நஞ்சன்று. நாள்தோறும் ஒரு மில்லிகிராம் அளவேனும் நமக்குத் தேவை. மிஞ்சியதை ஈரல் பித்தநீரோடு வெளியேற்றிவிடும். வில்சன் நோயருக்கோ அவ்வாயில் பிறவியிலேயே பழுதானது. செம்பு முதலில் ஈரலில் தேங்குகிறது. பின்னர் மூளையில், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதியைத் தாக்குகிறது. செப்புக் குடத்துத் தண்ணீரால் வந்த நோயன்று இது. எனினும் நோயர் அக்குடத்தை விலக்கவேண்டும்.

முற்காலத்தில் இந்நோய் கண்டோர் இளமையிலேயே மாண்டனர். 1956-இல் வால்ஷ் என்னும் ஆங்கில மருத்துவர், பெனிசிலினோடு தொடர்புடைய பெனிசிலமின் என்ற மருந்து செம்பைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளிக்கொணர்வதைக் காட்டினார். துத்தநாக உப்பும் பயன்படுகிறது. அது உணவிலுள்ள செம்பு குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். எதுவாயினும் ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டும். குணமாயிற்றென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவர் அடுத்துக் கேட்டது, "உடன்பிறந்தவர்கள் உண்டா?" என்பதே. ஒன்பது வயதுத் தங்கை ஒருத்தி இருந்தாள், ஓடியாடித் திரிபவள். இரத்தமும் சிறுநீரும் சோதித்ததில் அவளுக்கும் அதே நோய். நடுக்கம் தோன்றுமுன்னரே மருந்து தொடங்கினர்.

"நாங்கள் செய்த பாவமா, சாமி?" என்று தாய் அழுதாள். இல்லையென்றோம். அன்றிரவு பங்கின் திருமணப் பதிவேட்டைப் புரட்டினோம். அவள் மணந்தது அத்தை மகனை. இரத்த உறவுத் தடைக்கு ஆயரின் விலக்குப் பெற்றே திருமணம் நடந்திருந்தது. பழுதுற்ற மரபணு ஒன்றை மட்டும் உடையவர் நலமாகவே வாழ்வார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்வாய்ப்பு உண்டு. உறவிலே மணப்போர் இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்நியர் மணத்திலும் இது நேர்வதுண்டு என்பதையும் சொல்லவேண்டும்.

பையனின் நடை திருந்திற்று. பேச்சு முழுதும் திரும்பவில்லை. தங்கை இன்று ஆசிரியை. கை நடுக்கம் அறியாள்.

சென்ற தை மாதம் ஒரு தந்தை, தம் மகளைத் தமக்கை மகனுக்குக் கொடுக்க விலக்கு மனு எழுதித் தரும்படி வந்தார். குடும்பத்தில் இளவயதில் ஈரல் நோயாலோ நடுக்கத்தாலோ இறந்தவர் உண்டோ என்று கேட்டோம். முகம் சுருங்கிற்று. "உறவு விட்டுப் போகக்கூடாதென்று வந்தேன், சாமி நோயைக் கேட்கிறீர்களே!" என்றார். நெடுநேரம் சென்றபின், தம் தம்பி பதினேழாம் வயதில் வயிறு வீங்கி, காமாலை கண்டு இறந்ததைச் சொன்னார். இருவரையும் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி வேண்டினோம். மனு இன்னும் நம் மேசைமேல்தான் இருக்கிறது.