எள்ளலும் நகையும்

மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையையே முதலில் வைத்தார் தொல்காப்பியர். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்றும் வகுத்தார். உரை கண்ட பேராசிரியரோ எள்ளலை இருவகையாகப் பிரிப்பார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுவது மற்றொன்று. முன்னது எளிது, நாள்தோறும் காண்பது. பின்னது எங்ஙனம் இயலும் என்னும் ஐயம், வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் எனக்கு எழுவதுண்டு. அதற்கு விளக்கம் கிடைத்த இடம் நூலகமன்று, ஒரு மதுக்கூடம்.

2019 ஆகஸ்டு மாதத்தில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குச் சென்றிருந்தேன். அங்கு 1947இல் அனைத்துலகக் கலைவிழா தொடங்கியபோது, அழைப்புப் பெறாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, விழாவின் ஓரத்தில் நின்று நடித்தன. அவ்வோரமே பின்னர் ‘ஃபிரிஞ்ச்’ என்னும் பெருவிழாவாக வளர்ந்தது. அதனுள் நுழைவுச்சீட்டு இல்லாத நிகழ்ச்சிகளை 1996இல் தொடங்கிவைத்தவர் பீட்டர் பக்லி ஹில் என்னும் கலைஞர். மதுக்கூடத்தின் பின்னறையோ நிலவறையோதான் அரங்கம். கலைஞர் இடத்துக்கு வாடகை தருவதில்லை. பார்த்தவர்கள் முடிவில், வாயிலில் நீட்டப்படும் வாளியில் தாம் விரும்பியதை இட்டுச் செல்வார்கள்.

அத்தகைய நிலவறை ஒன்றில், மழை பெய்த ஒரு பிற்பகலில், பழச்சாற்றுக் குவளையுடன் அமர்ந்திருந்தேன். வந்திருந்தோர் 18 பேர். ஓர் இளைஞர் ஒலிவாங்கியின்முன் வந்து நின்றார். ‘ஸ்டேண்ட் அப் காமெடி’ என்று வழங்கும் அக்கலையில் ஒப்பனையில்லை, பக்கவாத்தியமில்லை, கைகொடுக்க உடன் நடிப்பவரும் இல்லை. அவர் கூறிய முதல் மூன்று வேடிக்கைகளுக்கும் எவரும் சிரிக்கவில்லை. நகைச்சுவைக்குப் பின்வரும் மௌனத்தைப் போலக் கொடியது வேறில்லை!

பிறகு அவர் தம் தந்தையைப் பற்றிப் பேசலானார். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றியபோது லெஸ்டர் நகரில் வந்து குடியேறியவராம். தந்தை பேசும் ஆங்கிலத்தை மகன் அப்படியே பேசிக் காட்டினார். அறை அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் அலுவலக முகப்புகளில் நின்று தயங்கித் தயங்கிப் பேசிய மலாய்மொழி என் செவியில் ஒலித்தது. பெற்ற தந்தையை அயலார்முன் இவ்வாறு நிறுத்தலாமா என்னும் வினா எழுந்தது.

இளைஞர் தொடர்ந்தார். மின்சார இணைப்புக்காகத் தந்தை தொலைபேசியில் தம் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறார். மறுமுனையில் இருப்பவருக்கு விளங்கவில்லை. அரைமணி நேரம் கழிகிறது. இறுதியில் தந்தை, “ஜான் என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்கிறார். அவையினர் விழுந்து விழுந்து சிரித்தனர். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து இளைஞர் சொன்னார்: “அன்றுமுதல் மின்கட்டணச் சீட்டு ஜான் பெயரில்தான் வருகிறது. அந்த ஜானை நான் பார்த்ததே இல்லை. கட்டணத்தை மட்டும் என் அப்பா கட்டிவருகிறார்.”

ஒரு கணம் அமைதி. அடுத்து எழுந்த சிரிப்பு முன்னைய சிரிப்பன்று. அதுவரை தந்தையின் நாவைக் குறிவைத்த நகை, இப்போது கேளாத செவியின்மீது பாய்ந்தது. சிரித்தவர்கள் தம்மையே நோக்கிச் சிரித்தார்கள். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகையின் ஆற்றல் இதுவன்றோ? எள்ளப்பட்டவன் தானே நகும்போது எள்ளியவன் கைக்கருவி பறிபோகிறது.

ஆயினும் ஆசிரியர்களாகிய நாம் ஒன்றை மறத்தலாகாது. ழகரம் நாவில் வராமல் திணறும் மாணவனைக் கண்டு வகுப்பு சிரிக்கும்போது, “வேடிக்கைதானே, நீயும் சிரித்துவிடு” என்று நாம் சொல்லிவிடுவதுண்டு. அவ்விளைஞருக்கு அந்நகையை எவரும் விதிக்கவில்லை. தம் வீட்டுத் துயரத்தைத் தாமே எடுத்து, தாம் வேண்டிய பொழுதில், தாம் வேண்டிய சொற்களில் வைத்தார். எள்ளலை நகையாக மாற்றும் உரிமை எள்ளப்பட்டவனுக்கே உரியது. அவ்வுரிமையை அவன் எய்தும் நாள்வரை, வகுப்பின் சிரிப்பை அடக்குவது நம் கடமை.