‘சிறுத்தை’: நாவலும் திரைப்படமும்

சரித்திர நாவலொன்று திரைக்கு வந்ததும் எவையெவை விடுபட்டன எனக் கணக்கெடுப்பது விமர்சகரிடையே பெருவழக்கு. ஜியுசெப்பே தொமாசி டி லம்பெடூசாவின் ‘சிறுத்தை’ (1958) அத்தகைய கணக்குக்குள் எளிதில் அடங்குவதன்று. 1963 இல் அதனைப் படமாக்கிய லூக்கினோ விஸ்கொன்ரி, கதைப்போக்கைப் பெரும்பாலும் பின்பற்றியே சென்றார். ஆயினும், இருவரும் வரலாற்றை நோக்கும் இடங்கள் வேறு.

1860 இல் கரிபால்டியின் படை சிசிலியில் இறங்குகின்றது. பூர்பன் அரசு சரிகின்றது. நிலமானியப் பிரபுவான சலீனா இளவரசன் டொன் பப்ரீசியோ வானியலில் ஈடுபாடுடையவன். தன் வர்க்கத்தின் காலம் முடிந்ததென்பதையும் அறிந்தவன். அவனுடைய மருமகன் தன்கிரெடி புதியவர்களோடு சேர்ந்து, புதுப்பணக்காரனான செடாராவின் மகளை மணக்க முற்படுகின்றான்.

நாவலிற் போர்க்காட்சி கிடையாது. விஸ்கொன்ரியோ பலேர்மோ வீதிச்சண்டையைச் செஞ்சட்டை வீரர்களோடு விரிவாகக் காட்டினார். மிலான் பெருங்குடியொன்றிற் பிறந்தும் கம்யூனிஸ்டுகளின் பக்கம் நின்றவர் அவர். மக்கள் சிந்திய இரத்தம் பிரபுவின் சாளரத்துக்கு அப்பாலேயே நின்றுவிடுவது அவருக்கு ஒவ்வவில்லைப் போலும். படத்தின் முடிவிலே, கரிபால்டியோடு சேரச் சென்ற போர்வீரர்கள் சுடப்படும் ஓசை விடியலிற் கேட்கிறது. வண்டியிலிருக்கும் செடாரா அதைக் கேட்டு மன அமைதியடைகிறான். புதிய ஆட்சி யாருக்காக வந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

எனினும், நாவலின் உயிர்நிலை திரைக்கு வரவில்லை. 1862 இன் நடனவிருந்தைச் சொல்லிச் செல்லும் ஆசிரியர், கூரையிலே தீட்டப்பட்ட தேவர்கள் தாம் நிரந்தரமெனக் கருதுவதையும், 1943 இல் அமெரிக்கக் குண்டொன்று அதனைப் பொய்யாக்கவிருப்பதையும் இடையிற் புகுந்து கூறிவிடுகின்றார். லம்பெடூசாவின் சொந்த மாளிகை குண்டுவீச்சில் அழிந்ததும் அதே ஆண்டிலேதான். எண்பது ஆண்டுகளை ஒரு வாக்கியத்திலே தாண்டும் இந்த வசதி கமராவுக்கு இல்லை. அது 1862 இலேயே நின்றாக வேண்டும்.

அப்படி நிற்பதையே விஸ்கொன்ரி தம் பலமாக்கிக் கொண்டார். அந்த விருந்து படத்தின் காற்பங்கை நிரப்புகின்றது. வியர்வை, விசிறிகள், களைத்துச் சோபாக்களிற் சாயும் பெண்கள். இவற்றினூடே நடக்கும் இளவரசன் கண்ணாடிமுன் நின்று கண்ணீர் உகுக்கின்றான். ஹொலிவூட் நடிகரான பேட் லங்காஸ்ரருக்கு இத்தாலியக் குரல் இரவல்; முகம் மட்டும் எந்த மொழிபெயர்ப்பையும் வேண்டவில்லை.

விருந்து முடிய, இளவரசன் தனியே இருண்ட சந்தொன்றினுள் நடந்து மறைவதோடு படம் நின்றுவிடுகிறது. கம்பீரமான முடிவுதான். ஆனால் லம்பெடூசா அக்கம்பீரத்தையும் விட்டுவைக்கவில்லை. பிரபு வர்க்கத்தை விமர்சிக்கப் புகுந்த கலைஞர் அதற்காக இரங்கி நிற்க, அவ்வர்க்கத்திலே பிறந்து இளவரசுப் பட்டத்தோடு வாழ்ந்தவரே ஈவிரக்கமின்றி எழுதினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. நாவலில் இளவரசன் 1883 இல் விடுதி அறையொன்றில் இறக்கின்றான். 1910 இல் அவனது மூன்று புதல்வியரும் மணமாகாத முதியோராயிருக்கின்றனர். அவர்கள் போற்றிவந்த புனிதச் சின்னங்களிற் பெரும்பாலானவை போலியெனத் திருச்சபையினர் ஒதுக்குகின்றனர். அன்று இளவரசனோடு ஓடித்திரிந்த பெண்டிகோ என்ற நாயின் பாடம்பண்ணிய தோலும், புதல்வி கொன்செற்றாவின் சொற்படி, குப்பைக்கு எறியப்படுகின்றது.