தங்க அட்டைக்கு 6,200 மைல் பாக்கி

அடிக்கடி விமானம் ஏறுபவர்களுக்கு ஆண்டு முடிவில் ஒரு கணக்கு வரும். தங்க அட்டையைத் தக்கவைத்துக்கொள்ள இன்னும் எத்தனை மைல் பாக்கி என்ற கணக்கு. இந்த ஆண்டு எனக்கு வந்த விடை 6,200.

கப்பல் இயந்திரங்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பூசான், ஷாங்ஹாய், ராட்டர்டாம் என்று கப்பல் பட்டறை இருக்கும் ஊருக்கெல்லாம் ஏழு ஆண்டுகள் பறந்தேன். ஆண்டின் நடுவில் அலுவலகத்திலேயே இருந்து இளையவர்களை வழிநடத்தும் பொறுப்பு வந்தது. பயணம் குறைந்தது. மைலும் 43,800 என்ற இடத்தில் நின்றுவிட்டது.

விவரம் அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் 12 மாதங்களில் 25,000 எலீட் மைல் சேர்த்தால் வெள்ளித் தகுதி, 50,000 சேர்த்தால் தங்கத் தகுதி. கடன்பற்று அட்டையில் மளிகை வாங்கிச் சேர்க்கும் மைலை வைத்து இலவச டிக்கெட் எடுக்கலாம். அதெல்லாம் எலீட் மைல் ஆகிவிடாது. பலர் குழம்புவது இங்கேதான். சென்னைக்கு ஒருவழி சுமார் 1,800 மைல். முழு மைல் தரும் கட்டணத்தில் போனாலும் தங்கம் கிடைக்க ஓராண்டில் 14 முறை போய்த் திரும்ப வேண்டும். மலிவுக் கட்டணமென்றால் அதைவிட அதிகம். சொந்தக் காசில் ஊருக்குப் போய்வரும் குடும்பத்துக்கு இது எட்டாத உயரம்.

பாக்கி 6,200 மைல் என்று சொன்னதும் அலுவலகத் தம்பி ஒருவர் உடனே வழி சொன்னார். “தோக்கியோ போய்ட்டு வந்துடுங்கண்ணே. போகவர 6,600 மைல். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினா ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கலாம்.” இப்படி மைலுக்காகவே பறப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நான் பார்த்தபோது முழு மைல் தரும் டிக்கெட் ஏறக்குறைய 1,100 வெள்ளி. ஓர் இரவு தங்குவதும் சாப்பாடும் தனி.

இன்னொரு சக ஊழியருக்கு இது பிடிக்கவில்லை. “பறந்து சம்பாதிச்சாத்தான் அதுக்கு மதிப்பு. காசு கொடுத்து வாங்கினா அது கௌரவமா?” என்றார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் யோசித்தது இதுதான்: சம்பாதிப்பதற்கும் வாங்குவதற்கும் இடையே உள்ள கோடு உண்மையில் எவ்வளவு தெளிவானது?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981ல் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது எவ்வளவு தூரம் பறந்தீர்கள் என்பதே கேள்வி. இன்று எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதே பல இடங்களில் கேள்வி. அதே நிறுவனம் 2022 முதல் கடன்பற்று அட்டைச் செலவில் கிடைக்கும் புள்ளிகளையும் தகுதிக்கு எண்ணுகிறது. டெல்டா 2024லிருந்து செலவை மட்டுமே அளவுகோலாக்கப் போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழவே நிபந்தனைகளைக் கொஞ்சம் தளர்த்தியது. பிரிட்டிஷ் ஏர்வேசும் 2025 ஏப்ரலில் அந்தப் பாதைக்கு வந்தது. நம்மூர் பிபிஎஸ் கிளப்பில் சேரவும் தூரத்தைப் பார்ப்பதில்லை, 12 மாதங்களில் 25,000 வெள்ளி மதிப்புக்குப் பயணம் செய்திருக்க வேண்டும். குறையும் புள்ளிகளை நேரடியாகவே விற்கும் நிறுவனங்களும் உண்டு. ஆக, எல்லாரும் ஏதோ ஒரு வகையில் வாங்கத்தான் செய்கிறோம். யார் காசு என்பதில்தான் வேறுபாடு.

என் தங்க அட்டைக்கான காசு என்னுடையதன்று. டிக்கெட் எடுத்தது நிறுவனம். நான் கொடுத்தது தூக்கம், முதுகு, வீட்டில் இல்லாத நாள்கள். மகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வாரம் நான் பூசானில் இருந்தேன். அதற்காக வருந்தவில்லை, அந்தச் சம்பளம்தான் வீட்டுக் கடனை அடைத்தது. ஆனால் அந்த வாரம் வீட்டைத் தனியாகச் சமாளித்தவர் என் மனைவி. அட்டையில் அவர் பெயர் இல்லை.

சாங்கியில் திருச்சி விமானத்துக்கு நிற்கும் வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஆண்டுகள் கட்டுமானத் தளத்தில் உழைத்துவிட்டு, கயிறு கட்டிய பெட்டியோடு ஊருக்குப் போகும் தம்பிகள் அதில் நிற்பார்கள். உழைப்புக்குத்தான் தகுதி என்றால் அவர்கள் முதல் ஆளாக உள்ளே போக வேண்டும். எந்த மைல் கணக்கிலும் அவர்கள் வர மாட்டார்கள். ‘பறந்து சம்பாதித்தது’ என்று நெஞ்சை நிமிர்த்த எனக்கு வாய் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பயனை மட்டும் பார்த்தேன். தங்கத் தகுதியில் நான் பயன்படுத்துவது மூன்று: 20 கிலோ கூடுதல் சுமை, முன்னுரிமை வரிசை, லவுஞ்ச். வேலைப் பயணம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு நான் விமானம் ஏறப்போவது இரண்டே முறை. இரண்டு பயணத்துக்காக 1,100 வெள்ளிக்குமேல் கொடுப்பது ஒரு கிலோ தக்காளி வாங்க டாக்சி பிடிப்பது மாதிரி.

ஆனால் மனம் அவ்வளவு எளிதில் விடவில்லை. காரணம் அம்மா. அவருக்கு 74 வயது, முழங்கால் வலி. சென்னையிலிருந்து அவரை அழைத்து வரும்போதும் கொண்டுபோய் விடும்போதும், உடன் ஒருவரை அழைத்துச் செல்லலாம் என்ற விதியில் லவுஞ்சுக்குக் கூட்டிப்போவேன். அங்கே அம்மாவுக்குப் பிடித்தவை மெத்தென்ற நாற்காலியும், பக்கத்திலேயே கழிப்பறையும். சாப்பாட்டைத் தொட மாட்டார். “இதுல உப்பே இல்லைப்பா” என்பார். அட்டை போனால் அவர் கால் கடுக்க வரிசையில் நிற்பாரே என்ற எண்ணம்தான் என்னைத் தோக்கியோ டிக்கெட் பக்கத்தில் பலமுறை கொண்டுபோய் நிறுத்தியது.

மனைவிதான் கேட்டார்: “அத்தைக்கு வேண்டியது தங்க அட்டையா, சக்கர நாற்காலியா?”

சக்கர நாற்காலி உதவிக்கு எந்த அட்டையும் தேவையில்லை. முன்கூட்டியே கேட்டால் விமான நிறுவனம் கட்டணமின்றி ஏற்பாடு செய்யும். விமான வாயில்வரை ஊழியர் தள்ளிக்கொண்டு போவார், நீண்ட வரிசையில் நிற்கும் தொல்லையும் குறையும். லவுஞ்சில் உட்காரத்தான் வேண்டுமென்றால், யாரும் ஒரு வேளைக்குக் காசு கட்டி நுழையக்கூடிய லவுஞ்சுகள் சாங்கியில் இருக்கின்றன. நான்கு முறை அப்படிப் போனாலும் தோக்கியோ செலவில் பாதிகூட ஆகாது.

வேலைக்காக அடிக்கடி பறக்கும் இளையர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். தகுதியை வாங்குவது அவமானமன்று. வாங்கும் முன் கடந்த ஆண்டு எத்தனை முறை பறந்தீர்கள் என்று பார்க்காதீர்கள், வரும் 12 மாதங்களில் எத்தனை முறை பறப்பீர்கள் என்று பாருங்கள். மாதம் இருமுறை பயணம் உறுதி, குறைவது சில நூறு மைல்தான் என்றால் தாராளமாக வாங்கலாம். கையில் இருப்பது போய்விடுமே என்ற பதற்றம் மட்டும்தான் காரணமென்றால், அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கும்.

தோக்கியோ டிக்கெட்டை நான் எடுக்கவில்லை. பிப்ரவரியில் என் அட்டை வெள்ளிக்கு இறங்குகிறது. மார்ச்சில் அம்மா வருகிறார். சக்கர நாற்காலிக்கு எழுதிப் போட்டேன், உறுதிப்படுத்திப் பதிலும் வந்துவிட்டது.