முன்னே செல்லும் குரல்

பனி என்றால் ஊவா மலைகளில் வாழும் நமக்குத் தெரிந்தது மூடுபனி ஒன்றே. அப்புத்தளைப் பக்கம் மாலைப் பொழுதில் அது ஏறி வந்து, தேயிலை மலையையும் பாதையையும் ஒருங்கே விழுங்கிவிடும். அவ்வேளையில் ஒற்றையடிப் பாதையில் இறங்குவோர் முன்னே செல்பவரின் குரலைப் பற்றிக்கொண்டே நடப்பர். "இங்க படி, இங்க கான்" என்று அவர் சொல்லச் சொல்ல, பின்னே வருபவரின் கால்கள் தாமே நிதானம் கொள்ளும்.

தரையை மூடிக் கிடக்கும் வெண்பனியைக் கண்டவர் நம்முள் வெகு சிலரே. அதன்மேல் நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு பாயும் பந்தயங்களிலே பார்வையற்றோரும் கலந்துகொள்கின்றனர் என்று கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். அது இயலும் வகையை அறிய நமது மூடுபனிப் பாதையே போதும். அங்கும் ஒருவர் முன்னே சென்று குரல் கொடுக்கிறார். மற்றவர் அக்குரலை நம்பிப் பின்தொடர்கிறார். வேறுபாடு வேகத்தில்தான். மலைச்சரிவில் நேரே இறங்கும் பந்தயத்தில் அது மணிக்கு 100 கிலோமீற்றரையும் தாண்டும். ஆகையால் இருவர் தலைக்கவசத்திலும் வானொலிக் கருவி பொருத்தியிருப்பர்.

மேடும் பள்ளமுமான நெடுந்தூரப் பாதையிற் சறுக்குவது மற்றொரு வகை. அதிற் புகழ்பெற்றவர் கனடாவின் பிரையன் மெக்கீவர். தந்தையாருக்கு இருந்த விழித்திரை நோய் பத்தொன்பதாம் வயதில் அவரையும் பற்றியது. நேரே நோக்கினால் ஒன்றும் புலப்படாது. ஓரங்களில் மட்டும் சிறிது பார்வை எஞ்சிற்று. அண்ணன் ரொபின், 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காகச் சறுக்கியவர். தம்பிக்கு முன்னே செல்ல அவரே வந்தார். 2002இல் சோல்ட் லேக் சிற்றியில் நடைபெற்ற மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் அண்ணன் முன்னும் தம்பி பின்னுமாகத் தங்கம் வென்றனர்.

2010இல் வன்கூவரில் நிகழ்ந்ததை நாம் எளிதில் மறக்க முடியாது. பார்வையுள்ளோருக்கான ஒலிம்பிக் அணிக்கே பிரையன் தெரிவானார். ஆனால் 50 கிலோமீற்றர் பந்தய நாளன்று பயிற்சியாளர் அவரை விடுத்து வேறு வீரர்களையே இறக்கினார். அடுத்த மாதம் மாற்றுத்திறனாளர் போட்டியில் அவர் மூன்று தங்கம் பெற்றார். 2014இல் சோச்சியில், ஒரு கிலோமீற்றர் விரைவுப் பந்தயத்தில் இடறி விழுந்தார். எழுந்து, முன்னே போனவர்களைப் பிடித்து, முதலாவதாகவே வந்தார். 2022இல் பெய்ஜிங்கில் விடைபெறும்போது அவர் வென்ற தங்கப் பதக்கங்கள் 16.

அந்தப் பதினாறும் ஒருவர் உழைப்பன்று. வழிகாட்டுபவர் வீரரிலும் வேகமாகச் சறுக்க வேண்டும். சறுக்கிக்கொண்டே வளைவையும் சரிவையும் மூச்சிரைக்காமற் கூறவும் வேண்டும். பிரையனுக்கு முன்னே நெடுநேரம் தாக்குப்பிடிப்பது கடினமாகவே, ஒரே பந்தயத்தில் இருவர் மாறி மாறி வழிகாட்டியதும் உண்டு. வெற்றி மேடையில் வழிகாட்டியின் கழுத்திலும் பதக்கம் விழுகிறது. விளையாட்டு விதிகளுள் நமக்கு மிகப் பிடித்தது இதுவே.

வெண்பனி நமக்கு எட்டாதது, ஓட்டம் அவ்வாறன்று. கர்நாடகத்துச் சிக்கமகளூர் காப்பித் தோட்டங்கள் நிறைந்த மலைநாடு. (நம் பாட்டன்மார் இலங்கை மலைகளுக்கு வந்ததும் முதலில் காப்பிக்காகவே அன்றோ!) அம்மாவட்டத்திற் பிறந்த ரக்சிதா ராஜு பார்வையற்றவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியாரிடம் வளர்ந்தவர். 1500 மீற்றர் ஓட்டத்தில் 2018இல் ஜக்கார்த்தாவிலும், 2023இல் ஹாங்சோவிலும் ஆசிய மாற்றுத்திறனாளர் போட்டித் தங்கத்தை வென்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் திடலிலும் ஓடினார். அங்கே பதக்கம் கிட்டவில்லை. அவரோடு ஓடுபவர் ராகுல் பாலகிருஷ்ணா. இருவர் கைகளையும் ஒரு சிறு கயிறு இணைக்கிறது. வழிகாட்டி அதனால் வீரரை இழுத்தலாகாது. எல்லைக்கோட்டை அவருக்கு முன் கடத்தலும் ஆகாது. பந்தயத்தில் நிற்கும் அனைவருக்கும் கண்களை மறைத்துவிடுவர், இருள் எல்லோருக்கும் ஒரே அளவாய் இருக்கும்பொருட்டு.

அதே பாரிஸில் ஸ்பெயின் நாட்டு எலேனா கொங்கோஸ்ட் மரதன் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்குச் சில அடிகளே இருக்க, வழிகாட்டிக்குத் தசை பிடித்துக்கொண்டது. விழப்போனவரைத் தாங்க எலேனா ஒரு கணம் கயிற்றை விட்டார். கயிற்றை விட்டது குற்றமெனத் தகுதி நீக்கம் செய்தனர். வெண்கலம் அன்று கைநழுவிற்று. விதி விதியே என்பாரும் உளர். நம் மனமோ எலேனாவின் பக்கமே நிற்கிறது.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், நாம் அடிக்கடி போய்வரும் லயத்தில், பிறவியிலேயே பார்வையற்ற பெண் ஒருவர் இருக்கிறார். இரத்மலானையில் உள்ள பார்வையற்றோர் பள்ளி 1912இலேயே தொடங்கப்பட்டதுதான். ஆனால் பதுளையிலிருந்து கொழும்புக்குப் பகல் முழுதும் புகையிரதப் பயணம். பெண்பிள்ளையை அத்தனை தொலைவு அனுப்பப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. சிறு வயதில் அவருக்குத் தம்பியே பள்ளியும் பாதையுமாக இருந்தான். "அக்கா, கல்லு, அக்கா, கான் வருது" என்று கத்திக்கொண்டு அவன் முன்னே ஓட, அவர் பின்னே ஓடுவார். பீலிக்கரை வரை அப்படித்தான். பார்த்தவர்கள் பிள்ளை விழுந்துவிடுமே என்று பதறியதுண்டு. அவர் விழுந்ததை நாம் கண்டதில்லை.

தம்பி வளர்ந்து கொழும்பிற் கடை வேலைக்குப் போனான். குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. அவனைக் குறை சொல்வதற்கில்லை. மெக்கீவருக்கு அண்ணன் விலகியபின் வேறொருவர் முன்னே வந்தார். இங்கே எவரும் வரவில்லை. லயத்தில் இளைஞருக்குப் பஞ்சமில்லை. பிரட்டுக்களத்தில் மாலைதோறும் பந்தடிப்போர் கூச்சல் கேட்கிறது. அக்கூச்சலைக் கேட்டபடி அவர் வாசற்படியில் அமர்ந்திருக்கிறார். பாதுகாப்பாக இருக்கிறாள் என்கிறார் தாயார்.

தீபாவளிக்குத் தம்பி வருகிறான். வந்த மறுநாட் காலையில் அவ்விருவரும் பீலிக்கரைக்குப் போய்வருகின்றனர். இப்போது ஓடுவதில்லை, நடைதான். ஆயினும் முன்னே செல்பவன் இன்னும் கத்துகிறான்.