அஞ்சாவது சக்கரமும் 14 அங்குலமும்

மக்களே, இந்த வாட்டி கொஞ்சம் நட்டு போல்ட்டு சமாச்சாரம். பயந்து ஓடிடாதீங்க. நடுவுல பள்ளிக்கூடக் கணக்கு ஒண்ணு வரும், எங்க அப்பாவோட லாரி ஞானம் வரும், ஒரு உடைஞ்ச கண்ணாடியும் வரும். அதனால ரொம்ப போரடிக்காதுங்கிற தைரியத்துல ஆரம்பிக்கிறேன் :-)

நாங்க இருக்கிறது டெக்சஸ்ல, டாலஸ் பக்கம். லீவு கிடைச்சா வீட்டையே இழுத்துக்கிட்டுக் கிளம்புற கோஷ்டி. பிக்கப் ட்ரக்குக்குப் பின்னாடி படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வச்ச ட்ரைலர். இதுல ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு, ட்ரக்கோட பம்பருக்குக் கீழ ஒரு குண்டுல மாட்டி இழுக்கிறது. இன்னொண்ணு ஃபிஃப்த் வீல். இதுல ட்ரைலரோட மூக்கு மேல தூக்கிக்கிட்டு, பிக்கப்போட திறந்த தொட்டிக்குள்ள வரைக்கும் நீண்டு வரும். அந்த மூக்குக்கு அடியில 2 அங்குல கனத்துல ஒரு கிங் பின். தொட்டியில, பின்னச்சுக்கு நேர் மேல, போல்ட்டு போட்டு இறுக்கின ஹிட்ச். பின் அதோட தாடைக்குள்ள போய் உட்கார்ந்து பூட்டிக்கும். பாரம் பின்னச்சு மேலயே இறங்குறதால, குண்டுல மாட்டுற ட்ரைலர் மாதிரி காத்தடிச்சா வால் ஆட்டாது. எங்களுக்குப் பிடிச்சது இதுதான்.

அது ஏன் அஞ்சாவது சக்கரம்? குதிரை வண்டி காலத்துப் பேரு. முன்னச்சு திரும்பறதுக்காக அது மேல படுக்கை வாக்குல ஒரு சக்கரம் வச்சிருப்பாங்க. நாலு சக்கரம் தரையில, அஞ்சாவது படுத்துக்கிட்டு. விமானம் கட்டின கிளென் கர்டிஸ் 1920களோட கடைசியில ஏரோகார்னு ஒரு சொகுசு ட்ரைலர் செஞ்சார். அதை இழுக்கிற காரோட இணைச்சது நிஜமாவே படுக்க வச்ச ஒரு விமான டயர்! சரி, வரலாறு போதும்.

இப்போ பிரச்சினைக்கு வருவோம். அந்தக் காலத்து பிக்கப்புக்கு தொட்டி 8 அடி. இப்போ எல்லாரும் குடும்பத்தோட போறதுக்கு நாலு கதவு வண்டி வாங்குறோம். கேபின் நீளமாச்சு, தொட்டி ஆறரை அடி, அஞ்சரை அடின்னு சுருங்கிப் போச்சு. ஹிட்ச் உட்காருற இடத்துக்கும் கேபின் பின் கண்ணாடிக்கும் நடுவுல இருந்த சந்தும் கூடவே சுருங்கிடுச்சு.

எங்க வண்டியில டேப் பிடிச்சு அளந்தேன். ஹிட்ச் மையத்திலிருந்து கேபின் வரைக்கும் 40 அங்குலம். ட்ரைலர் அகலம் 96, பாதி 48. அதாவது ட்ரைலர் குறுக்கால 90 டிகிரி திரும்பி நின்னா, அதோட பக்கச் சுவருக்கு 48 வேணும், இருக்கிறது 40. எட்டு அங்குலம் கேபினுக்குள்ள!

பல பேரு இங்கயே கணக்கை நிறுத்திடறாங்க. "எட்டு தானே, 10 அங்குலம் பின்னால நகர்ற ஹிட்ச் போட்டா தீர்ந்துச்சு"ன்னு. அங்கதான் பித்தாகரஸ் வந்து நிக்கிறார். ட்ரைலரோட மூலை, பின்னுக்கு நேரா பக்கவாட்டுல இல்லையே, கொஞ்சம் முன்னாடி துருத்திக்கிட்டு இல்ல இருக்கு? எங்க ட்ரைலர்ல அது 14 அங்குலம். 48 வர்க்கம் 2304, 14 வர்க்கம் 196, கூட்டினா 2500, வர்க்கமூலம் 50. திரும்பும்போது அந்த மூலை போடுற வட்டத்தோட ஆரம் 50 அங்குலம். அது கேபினை நேரா குத்திப் பார்க்கிறது 90 டிகிரியில இல்ல, அதுக்கு முன்னாடியே, சுமார் 74 டிகிரியில. ஹிட்ச் நகராம இருந்தா 37 டிகிரியிலயே மூலை கேபினைத் தொட்டுரும். ரிவர்ஸ் எடுக்கிறவங்களுக்குத் தெரியும், 37 எல்லாம் ஒரு திருப்பமே இல்ல.

ஆக, 10 அங்குலம் நகர்ற ஹிட்ச்னா 40+10=50. இடைவெளி பூஜ்யம். 12 நகர்ந்தா 2 அங்குலம் மிச்சம். 14 நகர்ந்தா 4. தரை சமமா இருக்கும்னு யாரு சொன்னா? ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கினா ட்ரைலரோட மேல் மூலை இன்னும் சாயும். அந்த 4 அங்குலம் ஆடம்பரம் இல்ல. வாங்குறவங்க கடைக்காரர் சொல்றதைக் கேட்கறதுக்கு முன்னாடி இந்த மூணு அளவையும் சொந்தக் கையால எடுத்துடுங்க. மூக்கோட ரெண்டு ஓரத்தையும் நல்லா வளைச்சு, வெட்டிக் கொடுத்த ட்ரைலர்னா கணக்கு மாறும். அதையும் டேப்தான் சொல்லணும், விளம்பரத் தாள் இல்ல.

நகர்ற ஹிட்ச்லயும் ரெண்டு வகை. கையால நகர்த்துறது ஒண்ணு. அதுக்கு ஒரு முறை இருக்கு. வண்டியும் ட்ரைலரும் நேர்கோட்டுல நிக்கணும். ட்ரைலர் சக்கரத்துக்குக் கட்டை வைக்கணும். இறங்கிப் போய் ஹிட்ச்சோட நெம்புகோலை இழுத்து விடணும். திரும்ப ஏறி, ட்ரைலர் பிரேக்கை மட்டும் கையால அமுக்கிக்கிட்டு, ட்ரக்கை மெல்ல முன்னால நகர்த்தணும். ட்ரைலர் நிக்கும், ட்ரக் நகரும், ஹிட்ச் தொட்டிக்குள்ள பின்பக்கமா சறுக்கிப் போய் 'டக்'னு பூட்டும். மறுபடி இறங்கி, பூட்டிருச்சான்னு கண்ணால பார்த்துட்டு, கட்டையை எடுத்துட்டு ரிவர்ஸ் எடுக்கலாம். வேலை முடிஞ்சதும் இதையே தலைகீழா செஞ்சு ஹிட்ச்சை முன்னால கொண்டு வரணும். ஏன்னா பின்னால தள்ளின நிலையில பாரம் பின்னச்சைத் தாண்டிப் போயிடும். முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது. அது முகாம்ல ஊர்ந்து போறதுக்கு மட்டும்தான். ஹைவேக்கு ஆகவே ஆகாது.

இன்னொண்ணு தானா நகர்றது. புல்ரைட் கம்பெனியோட சூப்பர்கிளைடு இந்த வகையில பேர் போனது. ட்ரைலரோட பின் பெட்டியில ஒரு தகடு மாட்டி, பின்னும் ஹிட்ச் தலையும் தனித்தனியா சுத்தாதபடி பிடிச்சுக்கும். ட்ரைலர் திரும்பினா தலையும் கூடவே திரும்பும். அந்தத் திருப்பமே ஹிட்ச்சைத் தண்டவாளத்துல பின்னுக்குத் தள்ளும். நேரானதும் தானா முன்னால வந்துடும். மோட்டார் கிடையாது, கரண்டும் வேணாம். குறை? விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. எடையும் அதிகம். இன்னொருத்தர் ட்ரைலரை இழுக்கணும்னா அதுக்கும் தனியா ஒரு தகடு வேணும்.

எடையை இங்க சும்மா சொல்லல. டிரைவர் கதவைத் திறந்தா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், வண்டி எவ்வளவு பாரம் சுமக்கலாம்னு. எங்களுது 2,900 பவுண்டு. சாமான் ஏத்தின ட்ரைலர் 9,500. ஃபிஃப்த் வீல்ல சுமார் அஞ்சுல ஒரு பங்கு பின் மேல வரும், அதாவது 1,900. ஹிட்ச் 250. நாங்க மூணு பேர், மூட்டை முடிச்சோட 450. கூட்டினா 2,600. மிச்சம் 300தான். ட்ரக் எவ்வளவு 'இழுக்கும்'ங்கிற எண்ணைப் பார்த்து மயங்காதீங்க, எவ்வளவு 'சுமக்கும்'ங்கிறதுதான் முதல்ல முட்டும். ட்ரக் ஸ்டாப் எடைமேடையில ஒரு தடவை ஏத்திப் பார்த்துட்டா மனசு நிம்மதி.

இந்தக் கணக்கெல்லாம் போட்டுட்டு, காசைப் பார்த்து, கையால நகர்த்துறதுலயே நிக்கலாமான்னு நானும் தங்கமணியும் ரெண்டு வாரம் விவாதிச்சோம். அப்போதான் பாலோ டூரோ கான்யன் பூங்காவுக்கு நண்பரோட ட்ரைலர்ல போயிருந்தோம். சாயங்காலம், இருட்டுற நேரம். எதிர் இடத்துல ஒரு குடும்பம் வந்து சேர்ந்துச்சு. நாள் முழுக்க ஓட்டின களைப்பு அந்த மனுஷன் முகத்துலயே தெரிஞ்சது. மரத்தைச் சுத்தி ரிவர்ஸ் எடுத்தார். பெருசா எந்தச் சத்தமும் இல்ல, 'பொலபொல'ன்னு அரிசி கொட்டுன மாதிரி. பின் கண்ணாடி முழுசும் உள்ள விழுந்திருச்சு. அவர்கிட்டயும் நகர்த்துற ஹிட்ச் இருந்தது. நெம்புகோலை இழுக்கல, அவ்வளவுதான். பின் சீட்டுல குழந்தைக்கான இருக்கை, அது நிறைய கண்ணாடித் துண்டு. குழந்தையை அம்மா ஒரு நிமிஷம் முன்னாடிதான் இறக்கியிருந்தாங்க. அந்தம்மா ஒண்ணும் பேசல, அந்த இருக்கையையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

அன்னைக்கு ராத்திரி தங்கமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "நம்ம வண்டியில பின் சீட்ல யாரு உக்கார்றா?" விவாதம் முடிஞ்சது. பாப்பாவோட சீட்டு அது.

தானா நகர்றதை வாங்கி மாட்டின கோடையிலதான் ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தாங்க. அப்பா சங்ககிரிக்காரர். சேலத்துல இரும்பு ஏத்திக்கிட்டு ட்ரைலர் லாரி ஓட்டினவர். கிங் பின், ஃபிஃப்த் வீல் எல்லாம் நான் விளக்கணுமா அவருக்கு? தொட்டிக்குள்ள ஏறி, குனிஞ்சு, கிரீஸ் தொட்டுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, கேபினுக்கும் பொட்டிக்கும் இத்துனூண்டு சந்துதானா? எங்க வண்டில அந்த எடத்துல கட்டிலே போடலாமே!"

நகர்றதைக் காட்டினேன். கையால நகர்த்துறதும் ஒண்ணு இருக்குதுங்ப்பா, பாதி வெலைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"மறக்கக்கூடாதுங்கற வேலய மனுசங்கிட்ட உடாத சாமி. தூக்கம் வந்தா மனுசன் மறந்துருவான். இரும்பு மறக்காது. அதுக்குன்னு இரும்ப நம்பி எறங்கிப் பாக்காம இருந்துறாத."

அந்த 'இறங்கிப் பார்க்கிறது' பட்டியலை அவர்தான் தினமும் நடத்தினார். மாட்டும்போது ட்ரைலர் மூக்கு ஹிட்ச்சை விட ஒரு துளி தாழ்வா இருக்கணும், பின்னால வரும்போது ஹிட்ச் அதை லேசா தூக்கிக்கிட்டு உள்ள போகணும். உசரமா இருந்தா பின் தாடைக்கு மேல உட்கார்ந்து, பூட்டின மாதிரியே ஏமாத்தும். கிளம்பி முதல் வேகத்தடையில ட்ரைலர் தொட்டி மேலயே விழும். அதனால டார்ச் அடிச்சு, தாடை பின்னைச் சுத்தி மூடியிருக்கான்னு பார்க்கணும். ட்ரைலர் கால்களைத் தரையில வச்சபடியே, ட்ரைலர் பிரேக்கை அமுக்கி ட்ரக்கை ஒரு இழு இழுத்துப் பார்க்கணும். விளக்கு ஒயர், அப்புறம் அறுந்தா பிரேக் பிடிக்க வைக்கிற கேபிள், அதை ட்ரக் உடம்புல கட்டணும், ஹிட்ச்ல இல்ல. தொட்டி விளிம்புக்கும் ட்ரைலர் அடிக்கும் நடுவுல 6 அங்குலமாவது சந்து. தண்டவாளத்துல மணலோ கல்லோ இருக்கக் கூடாது, கிரீஸ் காயக் கூடாது. கடைசியா, புது ஹிட்ச்னா காலி மைதானத்துல ஒருத்தர் வெளிய நின்னு பார்க்க, ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பார்க்கணும்.

மேல சொன்ன 300 பவுண்டு ஞாபகம் இருக்கா? அப்பாவும் அம்மாவும் ஏறினா அது காலி. அதனால அந்தப் பயணம் முழுக்க தங்கமணியும் அம்மாவும் பின்னால கார்ல வந்தாங்க. மாமியாரும் மருமகளும் ஆயிரம் மைல் ஒரே கார்ல. அந்தப் பாரத்தை அளக்க எந்த எடைமேடையும் பத்தாது, அது தனிக் கதை :-)