டியூப் லைட் வைத்தியம்

சேலைக்குள் இருக்கும் தொடையை நாவலப்பிட்டியில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் நாற்பது தாண்டியதும், பின்தொடையில் குழிகுழியாகத் தெரிந்த தோல் என் தூக்கத்தைக் கெடுத்தது. போனில் வந்த விளம்பரங்கள் அதற்கு செல்லுலைட் என்று பெயரும் சொல்லி, மருந்தும் காட்டின.

கூரைத் தகரம் மாற்றப் போட்ட சீட்டு கைக்கு வந்த மாதம் அது. முதலில் கஃபீன் கலந்த கிறீம் வாங்கினேன். பிறகு கண்டியில் ஒரு பார்லரில் சிவப்பு ஒளி, சூடு, மசாஜ் எல்லாம் சேர்ந்த சிகிச்சை. வீட்டில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, கம்பளை, பேராதனை தாண்டி பஸ்ஸில் போவேன். அத்தனை பல் என் வாயில் இல்லை என்று இவருக்கும் தோன்றியிருக்கும். கேட்கவில்லை.

பார்லரில் 'முன்பு', 'பின்பு' என்று படம் எடுத்து அனுப்புவார்கள். 'பின்பு' படத்தில் தோல் வழவழவென்றிருக்கும். எனக்கு அது போதும்.

ஒரு ஞாயிறு கரண்ட் இல்லை. ஜன்னலுக்கு நேரே தொடையைக் காட்டி ஒரு படம் எடுத்தேன். ஒரு குழிகூட இல்லை. சந்தோஷத்தில் நிற்கும்போதே கரண்ட் வந்தது. அதே இடத்தில், தலைக்கு மேல் எரிந்த டியூப் லைட்டில் இன்னொன்று எடுத்தேன். அத்தனை குழியும் அங்கேயே இருந்தது. லைட்டை அணைத்தேன், குழி இல்லை. போட்டேன், இருந்தது. மேலிருந்து விழுந்த வெளிச்சம் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் போட்டது. நேரே விழுந்தது அந்த நிழலை அழித்தது. பார்லர் படங்களைத் திறந்தேன். 'முன்பு' எல்லாம் மேல் வெளிச்சம். 'பின்பு' எல்லாம் நேர் வெளிச்சம்.

பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். தோலைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் நார்களுக்கு இடையே கொழுப்பு மேலே முட்டுகிறதாம். அந்த நார்கள் பெண்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாகவும் ஆண்களுக்குக் குறுக்கும் மறுக்குமாகவும் இருக்கும். பத்துப் பெண்களில் எட்டு ஒன்பது பேருக்கு இது உண்டு. கிறீம் மேல்தோலுக்கு ஈரம் கொடுக்கும், நாரை எட்டாது. ஒளியும் சூடும் கொஞ்சம் மாற்றினாலும், நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். 1978இலேயே இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் தங்கள் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இதை இட்டுக்கட்டிய நோய் என்று எழுதிவிட்டார்களாம். நான் பிறக்கும் முன்பே தீர்ப்பு வந்திருக்கிறது.

அந்த மழைக்காலம் முழுக்கச் சமையலறையில் வாளி வைத்தோம். ஒருநாள், பாடசாலையில் நெட்போல் விளையாடும் மகள் என் கிறீமைத் தன் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் ஒன்னுமில்லடி, எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

"அப்ப நீங்க ஏம்மா ஒளிச்சு வச்சுப் பூசுனீங்க?"

அன்று இரவு இவரிடம் பல் டாக்டர் கதையைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு, தகரம் இப்போது என்ன விலை என்று கேட்டார்.